செல்ஃப் எடுக்காத எம்ஜிபி: ஸ்டார்ட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி நாலு அளவீடு

வழக்கமா இங்க சர்வர், டேட்டாபேஸ், டிப்ளாய்மென்ட்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரோட ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பத்திப் பேசப் போறேன். நம்ம ஊர் மெக்கானிக்குகள் சொல்ற ‘செல்ஃப்’. போன மாசம் அப்படி ஒண்ணைக் கழட்டினோம். கழட்டின வேலை ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடுச்சு. அதைக் கழட்டணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்குத்தான் ரெண்டு வாரக்கடைசி ஆச்சு. அந்த முடிவை எப்படி எடுத்தோம்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

வண்டி 1972 மாடல் எம்ஜிபி. நான் இப்போ இருக்கிறது ஆக்ஸ்ஃபோர்டுல. பக்கத்து வீட்டுப் பெரியவரோட கார் அது. எம்ஜிபி தயாரான அபிங்டன் இங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். 1962-ல இருந்து 1980 வரைக்கும் அங்க 5 லட்சத்துக்கும் மேல எம்ஜிபி தயாராச்சு. அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் தெருவுல பார்க்க முடியுது, உதிரி பாகமும் கிடைக்குது.

இந்தக் காரோட 1,798 சிசி என்ஜின் ‘பி-சீரிஸ்’ங்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம அம்பாசடர்ல பல வருஷம் ஓடின 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதே குடும்பம்தான். அதனால அம்பாசடர்ல கை வெச்ச ஒரு மெக்கானிக் எம்ஜிபி பானட்டைத் திறந்தா, புது ஊர்ல சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். ஸ்டார்ட்டர் மேல இருக்கிற பேர் ‘லூகாஸ்’. பிர்மிங்காம் கம்பெனி. சென்னையில பாடி பக்கம் போனவங்களுக்கு அந்தப் பேர் புதுசு இல்ல. 1961-ல தொடங்கின லூகாஸ்-டிவிஎஸ் அங்கதான் இருக்கு.

பிரச்சனை என்னன்னா, சாவியைத் திருப்பினா சில நேரம் என்ஜின் சோம்பலா சுத்தும், சில நேரம் ‘டக்’னு ஒரு சத்தம் மட்டும் வரும். பெரியவர் மூணு மாசமா எங்க போனாலும் சரிவு பார்த்துத்தான் வண்டியை நிறுத்திட்டு இருந்தார். செல்ஃப் எடுக்கலைன்னா உருட்டி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்ல. அப்புறம் தனியா வண்டியை எடுக்கிறதையே விட்டுட்டார். புது ஸ்டார்ட்டர் ஆர்டர் பண்ணலாம்னு முடிவும் பண்ணிட்டார். அதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்துடலாம்னு கேட்டேன். சரின்னார்.

சத்தம் என்ன சொல்லுது

ஸ்டார்ட்டர்ல ரெண்டு பாகம் இருக்கு. ஒண்ணு மோட்டார். இன்னொண்ணு அதோட முதுகுல உட்கார்ந்திருக்கிற சாலினாய்டு. சாவியைத் திருப்பினா சாலினாய்டு ரெண்டு வேலை பார்க்கும். பினியன் பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலோட ரிங் கியர்ல மாட்டும். அதே நகர்வோட கடைசியில ஒரு தடியான செப்புத் தொடர்பை மூடி, பேட்டரி கரண்டை மோட்டாருக்கு அனுப்பும். இந்த அமைப்பு எம்ஜிபிக்கு வந்தது 1967 கடைசியில, மார்க் 2 மாடலோட. அதுக்கு முந்தின வண்டிகள்ல பினியன் தன்னோட சுழற்சி வேகத்துலயே பாய்ஞ்சு மாட்டிக்கிற பழைய பெண்டிக்ஸ் வகை இருந்தது. அதுல சாலினாய்டு ஸ்டார்ட்டர் மேல இல்லாம தனியா இருக்கும்.

இது புரிஞ்சுட்டா சத்தத்தை வெச்சே பாதி தெரிஞ்சிடும்.

சத்தமே இல்லைன்னா சாலினாய்டுக்கு சிக்னல் போகலை. சாவி ஸ்விட்ச், ரிலே, சின்ன ஒயர் இதையெல்லாம் பாருங்க.

‘டக்டக்டக்டக்’னு வேகமா அடிச்சா வோல்டேஜ் பத்தலை. சாலினாய்டு இழுக்குது, மோட்டாருக்குக் கரண்ட் போகுது, உடனே வோல்டேஜ் விழுது, சாலினாய்டைப் பிடிச்சு வைக்கத் தெம்பு இல்லாம விட்டுடுது, வோல்டேஜ் மறுபடி ஏறுது, மறுபடி இழுக்குது. புரோகிராமர்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். முடிவில்லாத ரீட்ரை.

ஒரே ஒரு ‘டக்’, அதுக்கப்புறம் அமைதின்னா சாலினாய்டு நகர்ந்துடுச்சு, மோட்டார் சுத்தலை. இப்போ ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்பிப் பாருங்க. லைட் பயங்கரமா மங்கினா கரண்ட் போகுது, ஆனா மோட்டாரால சுத்த முடியலை. இல்லைன்னா பேட்டரி காலி. லைட் மங்கவே இல்லைன்னா கரண்ட் மோட்டாருக்குள்ள நுழையவே இல்ல.

மோட்டார் ‘விர்ர்’னு சுத்துது, என்ஜின் சுத்தலைன்னா பினியன் மாட்டலை, இல்ல ரிங் கியர் பல் தேஞ்சிருக்கு. நாலு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் ஒரே ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கும். அதனால பல் தேய்மானமும் அந்த ரெண்டு இடத்துலதான் அதிகம் இருக்கும். இக்னிஷனை அணைச்சு, நாலாவது கியர்ல போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிட்டு, நியூட்ரல்ல போட்டு மறுபடி முயற்சி பண்ணா எடுக்குதான்னு பாருங்க.

நாலு அளவீடு

சத்தம் ஒரு சந்தேகத்தைத்தான் கொடுக்கும். உறுதி பண்ண எண் வேணும். முதல்ல ஒரு கேள்வி: ஒயர் நல்லா இருக்கான்னு பார்க்க ஓம் ரேஞ்சுல வெச்சா போதாதா? போதாது. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் 150 ஆம்பியர்னு வெச்சுக்குவோம். வழியில ஒரு துருப்பிடிச்ச இணைப்புல வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் அங்க 1.5 வோல்ட் காணாமப் போயிடும். அந்த 0.01 ஓமை நம்ம சாதாரண மல்டிமீட்டரால அளக்கவே முடியாது. அது பூஜ்யம்னுதான் காட்டும். லோடு ஏறினாத்தான் இந்தக் குறை வெளிய தெரியும். டெஸ்ட் சர்வர்ல எல்லாம் பச்சையா இருந்து, கூட்டம் வந்ததும் படுக்கிற சிஸ்டம் மாதிரி.

அதனால என்ஜின் சுத்திட்டு இருக்கும்போதே வோல்ட் ரேஞ்சுல அளக்கணும். கியர் நியூட்ரல், கை பிரேக் இழுத்திருக்கணும், இக்னிஷன் காயிலோட சின்ன ஒயரைக் கழட்டிடணும். அப்போதான் என்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்தும். ஒவ்வொரு தடவையும் அஞ்சு செகண்டுக்கு மேல வேண்டாம்.

முதல் அளவீடு பேட்டரி. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் கிட்ட காட்டும். சுத்தும்போது 10-க்குக் கீழ விழுந்தா முதல்ல பேட்டரியைக் கவனிங்க. எம்ஜிபியில 1974 வரைக்கும் ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, சீட்டுக்குப் பின்னாடி தரைக்கு அடியில இருக்கும். ரெண்டையும் தனித்தனியா அளக்கணும். ஒண்ணு நோஞ்சானா இருந்தா இன்னொண்ணையும் சேர்த்து இழுத்துடும்.

ரெண்டாவது, பாசிட்டிவ் பக்கம். மீட்டரோட ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொண்ணு ஸ்டார்ட்டர்ல பெரிய கேபிள் வர்ற போல்ட்ல. சுத்தும்போது 0.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பேட்டரி பின்னாடி, ஸ்டார்ட்டர் முன்னாடின்னு கேபிள் நீளமா வண்டிக்கு அடியில வருதுங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணாவது, எர்த் பக்கம். ஒரு முனை ஸ்டார்ட்டரோட உடம்புல, இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. இதுவும் 0.5-க்குள்ள. நிறைய பேர் விட்டுடறது இதைத்தான். என்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர் வழியா கரண்ட் போகாது. என்ஜினையும் பாடியையும் இணைக்கிற ஒரே நல்ல வழி, பின்னல் பட்டை மாதிரி இருக்கிற எர்த் ஸ்ட்ராப். அது கெட்டா கரண்ட் சும்மா இருக்காது, சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள்னு கிடைச்ச வழியில திரும்பி வரப் பார்க்கும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுதுன்னா எர்த்தைப் பாருங்க.

நாலாவது, சாலினாய்டு. பேட்டரி கேபிள் வர்ற போல்ட்ல எவ்வளவு வோல்ட், மோட்டாருக்குள்ள போற போல்ட்ல எவ்வளவு வோல்ட்னு பார்க்கணும். ‘டக்’ சத்தத்துக்கு அப்புறமும் முதல்ல 12, ரெண்டாவதுல கிட்டத்தட்ட பூஜ்யம்னா உள்ள இருக்கிற செப்புத் தொடர்பு எரிஞ்சு போச்சு.

எங்க வண்டியில வந்த எண்கள்: பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5, சுத்தும்போது 10.6. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.4. எர்த் பக்கம் 1.7. ஆக, மோட்டாருக்குக் கிடைச்சது 8.5 வோல்ட். சோம்பலா சுத்தாம என்ன பண்ணும்?

எர்த் ஸ்ட்ராப்பைக் கழட்டி, ரெண்டு முனையையும் அது உட்கார்ற இடத்தையும் பளபளன்னு உலோகம் தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினோம். இழப்பு 1.7-ல இருந்து 0.2-க்கு வந்தது. என்ஜின் சட்டுனு சுத்த ஆரம்பிச்சுது. பெரியவர் முகத்துல மூணு மாசக் கவலை இறங்கினது தெரிஞ்சுது.

ஆனா கதை அங்க முடியலை. அடுத்த வாரமும் எப்பவாவது ஒரு தடவை அந்த ஒத்தை ‘டக்’ வந்துட்டே இருந்தது. ஒரு தடவை அது வர்ற நேரத்துல மீட்டரை வெச்சுப் பிடிச்சோம். பேட்டரி பக்கப் போல்ட்ல 12.2. மோட்டார் பக்கப் போல்ட்ல ஒண்ணுமே இல்ல. சாலினாய்டு தொடர்பு எரிஞ்சிருக்கு. இப்போதான் கழட்டறதுக்கு ஒரு காரணம் கிடைச்சுது.

கழட்டறது

முதல்ல பேட்டரி. ஸ்டார்ட்டரோட அந்தப் பெரிய போல்ட்ல பேட்டரி கேபிள் மட்டும் இல்ல, பழுப்பு நிற ஒயர்களும் இருக்கும். வண்டி மொத்தத்துக்கும் கரண்ட் அங்கிருந்துதான் போகுது. சாவியை அணைச்சாலும் அதுல கரண்ட் இருக்கும். நடுவுல ஃபியூஸ் கிடையாது. அங்க ஸ்பேனர் பாடியில பட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், கையில மோதிரம், உலோக வாட்ச் இருந்தா எலும்பு வரைக்கும் சுடும். அதனால மோதிரத்தையும் வாட்சையும் கழட்டி வைங்க. பேட்டரியோட எர்த் பக்கத்தை முதல்ல கழட்டுங்க. எர்த் போயிட்டா சர்க்யூட் முழுமையாகாது. 1967-க்கு முந்தின எம்ஜிபிகள்ல பாசிட்டிவ்தான் எர்த். அதனால சிவப்பா கருப்பான்னு பார்க்காதீங்க, பாடிக்குப் போற கேபிள் எதுன்னு பாருங்க.

அடுத்தது வண்டியைத் தூக்கறது. கெட்டியான சமதரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக். ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். தூக்கினதும் ஸ்டாண்டு மேல இறக்கிடணும். இறக்கினதும் வண்டியைக் கையால நல்லா ஆட்டிப் பாருங்க. நான் அடியில போனதுக்கு அப்புறம் விழறதை விட, வெளிய நிக்கும்போது விழறது பரவாயில்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. இந்த வேலையில உயிர் போற மாதிரி இருக்கிற ஒரே இடம் இதுதான்.

இந்த என்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இடது பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் வலது பக்கம். இங்கிலாந்து வண்டிகள்ல ஸ்டியரிங் தண்டும் அதே வலது பக்கம்தான் இறங்குது. அதனால இடம் நெருக்கடி. ஸ்டார்ட்டர் சரியா டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழ இருக்கு, அதனால டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துட்டா கைக்கு வழி கிடைக்கும். எடுக்கும்போது ஒரு விஷயம்: டிஸ்ட்ரிபியூட்டரோட கழுத்தைப் பிடிச்சிருக்கிற பிடிப்பைத் தளர்த்தாதீங்க. அது நகர்ந்தா டைமிங் போயிடும். அந்தத் தகட்டை என்ஜின்ல பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூவை மட்டும் கழட்டி, தகடோட அப்படியே மேல இழுத்துடுங்க. அடியில இருக்கிற இணைப்பு நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி வெட்டியிருக்கு. திரும்ப ஒரே ஒரு விதத்துலதான் உட்காரும். சில வண்டிகள்ல ஆயில் ஃபில்டரையும் எடுத்தாத்தான் ஸ்டார்ட்டர் வெளிய வரும்.

ஒயர்களைக் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு டேப் துண்டு ஒட்டி எழுதுங்க. 50 வருஷத்துல யார் யாரோ கை வெச்சிருப்பாங்க, நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

அப்புறம் போல்ட். மொத்தமே ரெண்டுதான். ரெண்டுலயும் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற எண்ணெய் அடிச்சு வைங்க. இது அங்குல அளவு வண்டி. 9/16 அங்குலம்னா 14.29 மில்லிமீட்டர். 14 நுழையாது, 15 வழுக்கும். நம்ம கிட்ட இருக்கிற மெட்ரிக் ஸ்பேனரை வெச்சு எப்படியாவது திருப்பிடலாம்னு பார்த்தா போல்ட் தலை உருண்டு போயிடும், அதுக்கப்புறம் ஒரு மத்தியான வேலை ஒரு வார வேலை ஆயிடும். சரியான அங்குல சாக்கெட், ஆறு மூலை உள்ளது, வாங்கிக்கோங்க.

மேல் போல்ட்தான் படுத்தும். கண்ணுக்குச் சரியா தெரியாது, விரலால தடவிக் கண்டுபிடிக்கணும். நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டி மேல இருந்து அதை முதல்ல எடுத்துடுங்க. கீழ் போல்ட்டை அடியில இருந்து தளர்த்துங்க, ஆனா கடைசிச் சுத்துக்கு முன்னாடி இன்னொருத்தர் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கணும். செம்பும் இரும்பும் நிறைஞ்ச பண்டம், நல்ல கனம். மல்லாந்து படுத்திருக்கிற ஆள் மூஞ்சி மேல விழக்கூடாது. பினியன் பக்கம் வெளிய வர்ற வரைக்கும் முன்னால இழுத்து, அப்புறம் சாய்ச்சு இறக்கணும். எந்தக் கோணத்துல வெளிய வந்ததுன்னும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. திரும்ப மாட்டும்போது அது உதவும்.

கழட்டினதுக்கு அப்புறம்

வெளிய வந்ததைப் பிரிச்சுப் பார்த்தோம். சாலினாய்டுக்குள்ள செப்புத் தொடர்பு கரியாகி, குழி விழுந்திருந்தது. கார்பன் பிரஷ்ஷும் பாதிக்கு மேல தேஞ்சிருந்தது. ஆர்மேச்சர், கம்யூட்டேட்டர், புஷ் எல்லாம் நல்லா இருந்தது. சாலினாய்டும் பிரஷ் செட்டும் மட்டும் புதுசு வாங்கினார் பெரியவர். அரை நூற்றாண்டு பழைய மோட்டார் அப்படியே திரும்பப் போச்சு.

செப்புத் தொடர்பு ஏன் எரிஞ்சுது? எர்த் கெட்டதால வோல்டேஜ் பத்தலை. வோல்டேஜ் பத்தாதப்போ சாலினாய்டு அழுத்திப் பிடிக்க முடியாம விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு தடவை விடும்போதும் நூத்துக்கணக்கான ஆம்பியர் பொறி பறந்து செப்பை எரிக்கும். மூணு மாசமா நடந்திருக்கும்னு நான் நினைக்கிறது இதைத்தான். அப்படின்னா, எர்த்தைப் பார்க்காம நேரா புது ஸ்டார்ட்டரை மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கொஞ்ச நாள் நல்லா ஓடும். அப்புறம் புது சாலினாய்டும் அதே வழியில போகும். ‘புது பார்ட்ஸ் எல்லாம் தரம் இல்ல’ன்னு ஒரு தீர்ப்போட வண்டி மறுபடி சரிவுல நிக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒண்ணு முக்கியம். ஸ்டார்ட்டருக்குத் தனியா எர்த் ஒயர் கிடையாது. அதோட உடம்பே, அது உட்கார்ற ஃப்ளேஞ்சே எர்த். அதனால அந்த முகம் ரெண்டு பக்கமும் வெறும் உலோகமா இருக்கணும். என்ஜினுக்கு அழகா பெயின்ட் அடிச்சுப் புதுப்பிச்ச வண்டிகள்ல, அந்தப் பெயின்ட்டே கரண்டுக்குக் குறுக்க நிக்கும். பார்க்க ஷோரூம் மாதிரி இருக்கும், செல்ஃப் எடுக்காது.

புது ஸ்டார்ட்டர்தான் வாங்கணும்னு வந்தா, பழசைப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. பினியன் பல் எத்தனை, ஃப்ளேஞ்ச் துளை எங்க, பினியன் எந்தப் பக்கமா நகருது. 1967 வரைக்கும் வந்த வகையும் அதுக்கப்புறம் வந்த வகையும் ஒண்ணுக்கொண்ணு அப்படியே மாறாது.

மாட்டி முடிச்சதும் அந்த நாலு அளவீட்டையும் மறுபடி எடுத்தோம். எண்களை ஒரு சின்ன அட்டையில எழுதி, பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டிட்டார் பெரியவர். அடுத்த தடவை செல்ஃப் இழுக்காதப்போ, எது மாறியிருக்குன்னு அந்த அட்டையே சொல்லும். அடுத்து கை வெக்கிறவர் யாரா இருந்தாலும் அவருக்கும் அது உதவும்.

உங்க வீட்டுல நிக்கிறது எம்ஜிபியா இருக்கணும்னு இல்ல. அம்பாசடரோ, பழைய ஜீப்போ, எதுவா இருந்தாலும் இந்த நாலு அளவீட்டுக்குத் தேவை ஒரு மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப இன்னொரு ஆளும்தான். முதல்ல அளந்து பாருங்க, எண்ணை எழுதி வைங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.